மாயாண்டியும் நானும்

"உன் பேரத்தான் முதல்ல சொன்னாரு லா. தொலைஞ்ச போ!"

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற சன்னாசி கிசுகிசுத்தான். பக்கத்தில் நின்ற மாயாண்டி ஜன்னலை ஒட்டி நகர்ந்தான்.

நேற்றுச் சாயங்காலம் புகைவீட்டில் தீ மிஞ்சிப் போய், உலரப் போட்டிருந்த ரப்பர் ஷீட் பாதிக்குமேல் கருகிவிட்டது. நெருப்பைக் காக்க வேண்டிய மாயாண்டி அப்போது அங்கே இல்லை. மனைவி இருளாயிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது என்று ஆள் வர, போட்டது போட்டபடி லயத்து வீட்டுக்கு ஓடியிருந்தான்.

நெருப்பை விட்டவன் யாரானாலும் இன்று பொழுது சாய்வதற்குள் தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும். அது தோட்டத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. பச்சை உடம்புக்காரியையும் நேற்றுப் பிறந்த சிசுவையும் எந்த மரத்தடியில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது?

துரைக்குத் தமிழ் இன்னும் பிடிபடவில்லை. நடந்ததை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல உள்ளே போயிருந்தவர் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன். சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர்போல் இருப்பார்.

உள்ளே நுழையுமுன் அவர் மாயாண்டியைப் பார்த்து, "இருளாயிக்கு என்ன பிள்ளைடா?" என்று கேட்டார்.

"பொட்டப்புள்ளைங்க. நான் ஓடிப்போய்ச் சேரவும் பொறந்துச்சு."

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது.

"உள்ள என்னதான் சொல்றாரு, அண்ணே?"

சன்னாசி பழைய துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவன். இங்கிலீஷ் கொஞ்சம் காதில் ஏறும். "'மாயாண்டி அண்ட் ஐ'ங்கிறாரு. மாயாண்டியும் நானும் புகைவீட்டுல இருந்தோம்னு அர்த்தம்."

"நானும் மாயாண்டியும்னுதானே நாம சொல்லுவோம்?"

"வெள்ளக்காரன் வழக்கம் வேற லா. அடுத்தவன முன்னால விட்டுட்டுத் தான் பின்னால நிப்பான். மரியாதையாம்."

"மாட்டிவிடுறப்பக்கூடவா மரியாதை?" என்றவன் சட்டென்று திகைத்தான். "அண்ணே, அவரு நேத்து அந்தப் பக்கமே வரலியே!"

சன்னாசி நெற்றியில் அடித்துக்கொண்டான். "அப்படின்னா கண்ணால பாத்த மாதிரி சொல்றாருடா. பொய்ச் சாட்சி!"

உள்ளே துரையின் கை மேசையில் ஓங்கி விழுந்தது. கண்ணாடி டம்ளர் ஒன்று உருண்டது. இரண்டு முறை ஏதோ கத்தினார்.

"என்னண்ணே?"

சன்னாசி அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "'கோ'ங்கிறாரு. போகச் சொல்லிட்டாரு."

மாயாண்டி கண்ணை மூடினான். முருகா, தண்ணீர்மலையானே, அந்தப் பச்சைமண் உனக்கு என்ன பாவம் செய்தது?

கதவு திறந்தது. கிராணி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். எப்போதும் அவர் இடுப்பில் கலகலக்கும் ஆபீஸ் சாவிக்கொத்தைக் காணோம். மாயாண்டி இருந்த நிலையில் அதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது? பாய்ந்து போய் வழியை மறித்தான்.

"ஐயா, சாமிக்கே அடுக்குமா? நீங்க அங்க இல்லவே இல்லியே! ஏன் பொய் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசுடா" என்று கிராணி அவன் தோளில் கை வைத்தார். "துரை காதுல விழுந்தா அந்தப் பொய் வீணாப் போயிடும்."

"என்னங்கய்யா சொல்றீங்க?"

"உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டு, நெருப்பைப் பாக்காமத் தூங்கிப் போனது நான்தான்னு சொல்லிட்டேன்."