கொஞ்சம் சத்தம்

"இந்த ஆளுக்கு வாயை மூடவே தெரியாதா?"

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போரில் குண்டு விழுந்த தெருக்களைச் சுற்றிக் காட்டும் அந்த வழிகாட்டி, முந்தின தெரு வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தார். இடிந்த பள்ளிக்கூடத்தின் முன்னால் தொப்பியைக் கழற்றினார். எல்லாரையும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கவைத்தார்.

இந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் என்ன வந்ததோ! தான் பல் பிடுங்கப் போன கதையை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிச் சிரிக்கிறார். "சும்மா வராதீங்க, நீங்களும் பேசுங்க!" என்று கூட்டத்தை வேறு கிளப்பிவிடுகிறார்.

அவள் கடல் தாண்டி வந்ததே இந்தத் தெருவுக்காகத்தான். எதிரே கிடக்கிற கல்குவியல் அக்காவின் தையல்கடை. இவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அக்கா. குண்டு விழுந்த அன்றைக்கு உள்ளேதான் இருந்தாள். இங்கே சத்தமில்லாமல் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அக்காவோடு. அவ்வளவுதான் ஆசை.

"நிறுத்துங்கய்யா!" தையல்காரி அவர் முன்னால் போய் நின்றாள். "இதுக்குள்ள செத்தது என் கூடப்பிறந்த அக்கா. உங்க வீட்டுல ஒருத்தர் போயிருந்தா இப்படிப் பல்லைக் காட்டுவீங்களா?"

கூட்டமே கப்சிப்.

"ஐயோ, பேசுங்கம்மா... என்னைத் திட்டவாவது செய்யுங்க!" வழிகாட்டி பதறிப்போய் எதிர்மாடியைப் பார்த்தார்.

அதற்குள் ஜன்னல் திறந்துவிட்டது. தலை நரைத்த அம்மா ஒருத்தி தடதடவென்று இறங்கி, வெறுங்காலோடு கல்குவியலில் ஏறினாள்.

"உஷ்! யாரும் அசையாதீங்க!" ஒரு கல்லில் காதை வைத்தாள். "என் சின்னவன் கூப்பிடறான்..." வெறும் கையால் கற்களைப் பெயர்க்க ஆரம்பித்தாள்.

வழிகாட்டி ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்தார். "அம்மா, வாம்மா, வீட்டுக்குப் போகலாம்."

"பேசாதேடா! நீ பேசினா தம்பி குரல் எப்படிக் கேக்கும்?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது.

"தம்பி அன்னிக்கு உங்க அக்காகிட்டச் சட்டை வாங்க வந்தான்மா," என்றார் அவர், தணிந்த குரலில். "தோண்டும்போது, உள்ளே குரல் கேக்குதான்னு பார்க்க மீட்க வந்தவங்க எல்லாரையும் அமைதியா இருக்கச் சொன்னாங்க. அவன் மட்டும் கிடைக்கவேயில்லை. இங்கேயே இருக்கேன்னு அம்மா எதிர்த்தாப்புல குடிவந்துட்டாங்க. இப்பவும் தெரு அமைதியானா அம்மா இறங்கி வந்துடறாங்க."

கல்லில் வைத்த காதை அந்த அம்மா எடுக்கவில்லை.

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்:

"எங்க அக்கா கதை தெரியுமா? மாப்பிள்ளைச் சட்டைக்குப் பையைத் தலைகீழா வச்சுத் தைச்சுட்டு, 'சேர்த்து வைக்காதே, செலவு பண்ணு'ன்னு சொல்லி அனுப்பிட்டா! ஏன் சும்மா நிக்கறீங்க? சிரிங்களேன்!"