பன்னிரண்டரைக்குச் சொன்னது

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அப்படிப் படுத்தால் சுவர்க்கடிகாரம் தெரிந்தது.

பன்னிரண்டு ஐம்பது.

ஒரு மணிக்கு டூட்டி மாறும்.

வலி வந்தது. போனது. வலியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு கை இருந்தது. தமயந்தி சிஸ்டரின் கை. இடுப்பில் நோகும் இடத்தை அது கேட்காமலே கண்டுபிடித்து அழுத்தியது. இன்று காலை ஆறு மணியிலிருந்து. அதற்கு முன்னால், நான்காம் மாதத்திலிருந்து.

இந்த ஆஸ்பத்திரியில் இப்போது அப்படி ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. ஒருத்திக்கு ஒரு செவிலியர். முதல் பரிசோதனையிலிருந்து பிள்ளையோடு வீட்டுக்குப் போகும் வரை.

ஏழு தடவை வந்து போயிருந்தாள். ஏழு தடவையும் அதே முகம்.

அப்படியும், ஒரு மணிக்கு மேலும் இவர் இருப்பார் என்று அவள் நம்பவில்லை.

போன பிரசவத்துக்கும் இதே வார்டுதான். ஜன்னலோரக் கட்டில்.

போன தடவை பன்னிரண்டரைக்குச் சொன்னாள். பிள்ளை அசைவது குறைந்த மாதிரி இருக்கிறது என்று. கண்ணாடி போட்ட சிஸ்டர். சரிம்மா, பாக்கச் சொல்லுதேன் என்றார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி அலறினாள். அங்கே ஓடினார்.

ஒரு மணிக்கு டூட்டி மாறியது.

புதிதாக வந்தவர் பேர் கேட்டார். முதல் பிரசவமா என்று கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னாள். அசைவைப் பற்றிச் சொல்லவில்லை.

சொல்லியாயிற்று என்று நினைத்தாள். ஒரே விஷயத்தை இரண்டு பேரிடம் சொன்னால் தொந்தரவு பிடித்தவள் என்பார்கள் என்று நினைத்தாள்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்து வயிற்றில் கருவியை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றினார்.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

கட்டிலில் தொங்கிய அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மாமியார் கேட்டாள். அம்மா கேட்டாள். கணவன் கேட்கவில்லை. இரண்டு வருடமாகக் கேட்காமல் இருந்தான்.

பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொன்னேனா. சொல்ல நினைத்ததோடு சரியா.

தமயந்தியிடம் மட்டும் ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் சொன்னாள். பன்னிரண்டரை என்று. பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றியபடி அவர் கேட்டுக்கொண்டார். பட்டை இறுகியது. தளர்ந்தது. பிரஷர் சரியாக இருக்கிறது என்றார்.

ஒரு மணி.

வராந்தாவில் பேச்சுச் சத்தம். யாரோ சிரித்தார்கள். ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு ஒருத்தி கதவருகே தலையை நீட்டினாள்.

"யக்கா, வரலையா? ஒண்ணு அஞ்சு பஸ்ஸ விட்டா பிறவு ரெண்டரைக்குத்தான்."

"நீ போ பிள்ள. எனக்கு டூட்டி முடியுத நேரத்த இவ பிள்ளதான் சொல்லணும்."

கை நகரவில்லை.

மதிய டூட்டி சிஸ்டர் உள்ளே வந்தார். சின்ன வயது. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இவள் கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்தார். படிக்கவில்லை.

"பேரென்னம்மா? முதல் பிரசவமா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"ரெண்டாவது," என்றார் தமயந்தி. "மூத்தது பொம்பளப் பிள்ள. இதே வார்டுல, வயித்துக்குள்ளயே போயிட்டு. அசைவு குறைஞ்சிருக்குன்னு இவ பன்னெண்டரைக்கே சொல்லிருக்கா. யாரும் எழுதல."

சின்ன சிஸ்டர் அட்டையை மெதுவாகத் திரும்ப மாட்டினார். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மின்விசிறி சுற்றியது.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. காதில் அந்த வார்த்தை மட்டும் இருந்தது. சொல்லிருக்கா.

விலாவுக்குக் கீழே ஏதோ புரண்டது. குதிகாலாக இருக்கும்.

"சிஸ்டர், அசையுது."

"ம்."

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தமயந்தி மணியைப் பார்த்து எழுதினார்.

வலி வந்தது. போனது.

"சிஸ்டர், இப்பவும் அசையுது. இப்பத்தான் சொன்னேன்."

"அதனால என்ன. சொல்லு."

மறுபடி பேனா.

மூன்றாவது தடவையும் சொன்னாள்.

பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி, மெல்ல மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

அந்தப் பக்கம் கடிகாரம் இல்லை. ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் ஆள் இருந்தார்.