அப்பாவுக்கும் சொல்லக்கூடாது

“பள்ளிக்கூடப் பொண்ணா இருந்தாலும் காலேஜ் வகுப்புல சேர்ந்துட்டா, பெத்தவங்களுக்கும் எதையும் சொல்லக்கூடாது சார். விதி அப்படி,” என்றாள் கல்லூரி அலுவலகத்து டார்லீன்.

“பெத்த அப்பன்கிட்டயா? என் பொண்ணு பிரின்லி தன்னோட கோட்டை மறந்துட்டுப் போயிட்டா மேடம். வெளியே பனி கொட்டுது.” பச்சைக் கம்பளிக் கோட்டைக் காட்டியவரின் கண் கலங்கியது.

டார்லீனுக்கு மனசு கேட்கவில்லை. “நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. பின்பக்கக் கட்டிடம், கெமிஸ்ட்ரி லேப்.”

அவர் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“பிரின்லி பேசறேன். லேப் வாசல்ல அப்பா! அவருக்குப் பயந்துதானே நானும் அம்மாவும் ஒளிஞ்சிருக்கோம்? பள்ளிக்கூடத்துல அவர் கேட்டா சொல்லிடுவாங்கன்னுதான் இங்க படிக்கிறேன். யார் சொன்னது?”

“நீ கோட்டை மறந்துட்டேன்னு...”

“என் கோட்டு என் மேலதான் இருக்கு. அவர் கையில இருக்கறது அம்மாவோடது. காலைல அதைப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போனாங்க.”