ஒற்றை விசிறி

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துபோனது. பழுது பார்க்கும் தனபால் அண்ணன் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். "உள்ள இருக்கிற ஃபேன் செத்துப்போச்சு பாப்பா. இந்த மாடலுக்கு இப்ப கிடைக்காது. வெளிய இருந்து காத்து குடுத்தா ஓடும்," என்றார். வீட்டில் இருந்தது ஒரே மேசை விசிறி. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வருடமாகப் படுத்திருக்கும் அம்மாவுக்கு அதுதான் காற்று. அவள் படுத்த அன்று நான் பள்ளியை விட்டேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத இணையத்தில் விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிவரைதான் நேரம். விசிறியை இருபக்கமும் திரும்பவிட்டு அம்மாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் பங்கு வைத்துப் பார்த்தேன். சற்று நேரத்தில் திரை கறுத்தது. படிவத்தில் நிரப்பியதெல்லாம் போயிற்று. மறுபடியும் நிரப்பினேன், மறுபடியும் போயிற்று.

"எம்பக்கம் வேணாம், எனக்குக் குளிருதுடி," என்று அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அவள் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. நான் விசிறியைக் கம்ப்யூட்டரின் திறந்த பெட்டிக்கு நேராக நிறுத்தினேன். கடைசிப் பக்கம் வந்தது.

"இப்ப என்னடி கேக்குது?"

"பேரும்மா."

"அதுக்கு இவ்ளோ நேரமா? ஒம்பேரு மறந்துபோச்சா?"

படிப்பைப் பாதியில் நிறுத்தியதற்கான காரணம் என்று அதில் கேட்டிருந்தது. 'அம்மா' என்று தட்டிவிட்டு அழித்தேன். மறுபடியும் தட்டினேன். ஐந்தாக நான்கு நிமிடம் இருந்தது.