தலைவரிடம் ஒரு வார்த்தை

திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்காக ராஜவேல் மறுபடியும் கடலூர் கலெக்டர் ஆபீஸுக்கு வந்து நின்றான். மனுவைப் பார்த்த அதிகாரிக்குச் சலிப்பாகிவிட்டது.

"தெருக்குழாய்க்கு இங்க எதுக்குய்யா வர்றீங்க? அந்த அதிகாரமெல்லாம் உங்க பஞ்சாயத்துக்கே குடுத்தாச்சு. தலைவர்கிட்ட கேளுங்க."

"தலைவரம்மாகூட எனக்குப் பேச்சு கெடையாது சார்."

"எலெக்‌ஷன் பகையா?"

"எங்க அண்ணனையே எதிர்த்து நின்னு ஜெயிச்சுட்டாங்க. அன்னிலேர்ந்து அவுங்க மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல."

"அதுக்காகத் தெருவே தண்ணியில்லாம கெடக்கணுமா? இன்னிக்கே போய் ஒரு வார்த்தை கேளுங்க."

அந்த ஒரு வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்று பண்ருட்டி பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தான் ராஜவேல். ஊரில் இறங்கியதும் நேராகத் தலைவர் மலர்க்கொடியின் வீட்டுக்குப் போனான். உள்ளே போகக் கால் வரவில்லை. வாசலிலேயே நின்றான்.

"தலைவரே... எங்க தெருவுக்கு எப்போ குழாய் போடுவீங்க?"

மலர்க்கொடி சட்டென்று திரும்பினாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குக் காலையில. சொந்தத் தெருவுக்கு மொதல்ல போட்டா ஊரு என்ன சொல்லும்? அதான் மத்த தெருவெல்லாம் முடியட்டும்னு இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ராஜவேலுக்கு அப்பாடா என்றிருந்தது.

"போய்க் கை கழுவிட்டு வாங்க. இனிமேலாவது சோத்த நீங்களே போட்டுத் திங்காம, நான் போடறதச் சாப்பிடுங்க" என்றாள் மலர்க்கொடி, அவன் மனைவி.