சனிக்கிழமைக் குளியல்

அந்தக் கடைக்குள் நிற்பதே பாவம் என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார் என் கணவர்.

ரிச்சர்ட்சன் ஊரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் இருபது நிமிஷம். மீன்பிடி சாமான் கடை. சுவர் முழுக்கத் தூண்டில் கழிகள், தட்டு முழுக்க, இரையாக மாட்டுகிற பொய் மீன்கள்.

எங்கள் பெண் அஞ்சனா பள்ளிக்கூடத்து மீன்பிடி டீமில் சேர்ந்திருக்கிறாள். டெக்சஸில் அதற்கும் டீம் உண்டு. அடுத்த சனிக்கிழமை அவளுடைய முதல் போட்டி. சொந்தக் கழி இல்லாவிட்டால் படகில் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

ஒரு வாரமாக வீட்டில் இதே ரகளை. முட்டைகூட வாசல்படி ஏறாத வீட்டில் மீன் தூண்டிலா என்று இவர் குதித்தார். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம் என்று அவள் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தாள். அப்பா பாலசுப்ரமணியன் மசியவில்லை.

"ஜஸ்ட் கம் ஒன்ஸ், அப்பா. தென் சே நோ," என்றாள் கடைசியாக.

நோ சொல்லத்தான் வந்திருந்தார். போன மாதம் லைசன்ஸ் வாங்கிய அஞ்சனா அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு முன்னாலேயே வந்துவிட்டாள். நாங்கள் என் காரில் பின்னால் வந்தோம்.

தாடிக்காரக் கடைக்காரர் மரியாதையாக ஒரு பொய் மீனை எடுத்து என் கையில் வைத்தார். ஸ்விம்பெய்ட் என்று பேர். ஒரு சாண் நீளம். செதில், செவுள், முழிக்கிற கண் எல்லாம் இருந்தது. நாலு இடத்தில் மடங்கி உயிருள்ளதுபோல் நெளிந்தது. சட்டென்று தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சின்ன மீன்கள் பசிக்குக் கடிக்கும், பழந்தின்று கொட்டை போட்ட பெரிய பாஸ் மீன் பசிக்கெல்லாம் கடிக்காது என்று விளக்கினார். தன் இடத்தில் இன்னொன்று வந்து அலட்டினால் அதற்குப் பொறுக்காதாம். கோபத்தில்தான் வாயைத் திறக்குமாம்.

"இதைத் தொட்ட கையோட சாமி ரூம் பக்கம் வரப்படாது, சொல்லிட்டேன்!"

இவர்தான். கடையே திரும்பிப் பார்த்தது. அஞ்சனாவுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

எனக்கும் மீன் பிடிப்பது பிடிக்காது. ஆனால் வளர்ந்த பெண்ணை நாலு பேர் முன்னால் இப்படியா கத்துவது? இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். ஆசாரத்தைப் பற்றி இவரிடம் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மூன்று வருஷமாக சனிக்கிழமை தவறாமல் விடிவதற்கு முன்னால் எழுந்து, சிநேகிதர் பத்ரியோடு கோவில் மடைப்பள்ளிக்குக் காய் நறுக்கப் போகிற மனுஷர். திரும்பி வந்தால் கராஜ் வழியாக நேரே குளியலறைதான். குளிக்கும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது. கட்டியிருந்த துணியைக்கூடத் தானே மெஷினில் போடுவார். இந்தக் காலத்தில் இப்படி மடி பார்க்கிறவர் யார் என்று எத்தனை ஆன்ட்டிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்!

அஞ்சனா ஒல்லியாக ஒரு கழியை உருவினாள். அந்த ஒரு சாண் மீனை அதன் நுனியில் கட்டினாள். வீசுகிற மாதிரி தோளுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஐயோ, அதுல கட்டாதேடி! ஆறு அவுன்ஸ் பெய்ட் அது, இந்தக் குச்சி ஒரு அவுன்ஸ்கூடத் தாங்காது. எட்டடிக் கழி வேணும், பெரிய ரீல் வேணும். போன சனிக்கிழமை பத்ரி இப்படித்தான் லேக்ல புதுக் கழியைப் படக்னு ஒடிச்சான்!" என்று பாய்ந்தார் இவர்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை பத்ரி மடைப்பள்ளியில் பூசணிக்காய் நறுக்கினார் என்றல்லவா எனக்குச் சொல்லப்பட்டிருந்தது!

முதலில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் குளியல். அரை மணி நேரக் குளியல், கரைந்து கரைந்து காணாமல் போகும் சந்தன சோப்பு. மடியாம், மடி! மீன் நாற்றம் போகத் தேய்த்துக் குளித்தவருக்கு நான் தனித் துண்டு எடுத்து வைத்து, கிட்டே போகாமல் ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

எனக்குச் சொன்ன பொய்யைக்கூட ஒருநாள் மன்னிப்பேன். தான் திருட்டுத்தனமாகச் செய்வதை நேர்மையாகக் கேட்ட குழந்தையை அல்லவா சாமி ரூமுக்கு வராதே என்றார்! அதை எப்படி மன்னிப்பது?

இவர் கூரையில் ஏதோ விளக்கைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"ஏன்னா, வர சனிக்கிழமை இவளை நீங்களே அழைச்சிண்டு போங்கோ," என்றேன். "மடப்பள்ளிக்கு நான் போறேன். நம்மாத்துலேர்ந்து ஒருத்தராவது போக வேண்டாமா?"

இவர் தலை மேலும் கீழும் ஆடியது.

அஞ்சனா பொய் மீனை அவிழ்த்தாள். ஒல்லிக் கழியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். வேறு எதையும் தேடவில்லை. நேரே பணம் கட்டும் கவுன்ட்டருக்கு நடந்தாள்.

கடைக்காரர் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு கழியை எடுத்து நீட்டினார். எட்டடி, நல்ல கனம், பெரிய ரீல் ஏற்கனவே பூட்டியிருந்தது. பிடியில் ஒட்டியிருந்த டேப்பில் அஞ்சனா என்று எழுதியிருந்தது. நாங்கள் வருவதற்கு முன்னாலேயே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாளாம். போன மாதத்திலிருந்து அவள் ஓட்டுவது இவர் காரைத்தான்; டிக்கியில் என்ன பார்த்தாளோ!

இவர் பழக்கதோஷத்தில் அதைக் கையில் வாங்கி, நுனியை வளைத்துப் பார்த்தார். சரியான கழிதான் என்று முகம் சொன்னது.

அதற்குப் பிறகுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார்.