ராசி இல்லாத ஷெட்டு

"உண்மையைச் சொல்லிடு மச்சான். நம்ம நம்பரை டிலார்டுக்குக் கொடுத்துட்டியா, இல்லையா?"

பந்தய வண்டிக்கு அடியில் படுத்திருந்த எம்மெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டவன் ராய்ஸ், எம்மெட்டின் தங்கை லோரீனின் புருஷன். ராய்ஸ் ஓட்ட, எம்மெட் செட்டிங் பார்க்க, டென்னசி மண் டிராக்குகளில் பத்து வருஷமாக இந்த ஜோடியை அசைக்க ஆளில்லாமல் இருந்தது.

எம்மெட் பதறி எழுந்ததில் கையிலிருந்த வளையம்போன்ற இரும்பு புஷ் நழுவித் தரையில் விழுந்தது. ராய்ஸ் பழக்கதோஷத்தில் ஷெட்டின் இடது பின்மூலைக்குப் போய்க் குனிந்து தேடினான். அதுவோ விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதற்கும் எரிச்சல்பட்டு, எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? மார்ச் மாதச் சூறாவளி பழைய ஷெட்டைத் தகரம் தகரமாகப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சர்ச்சுக்காரர்கள் பாவப்பட்டு, பக்கத்திலேயே வழவழவென்று சிமெண்டுத் தரையோடு புதுசு கட்டிக் கொடுத்தார்கள். இங்கே வந்த நாளிலிருந்துதான் சனியன் பிடித்தது.

செட்டிங்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. நாலு சக்கரத்துக்கும் கீழே எடை காட்டும் நாலு பலகை வைத்து, ராய்ஸை சீட்டில் உட்காரவைத்து, எம்மெட் ஸ்பிரிங்குகளைத் திருகித் திருகி 'நம்ம நம்பர்' என்று அவர்கள் சொல்லும் அதே பழைய நாலு எண்களைக் கொண்டுவந்து நிறுத்துவான். எந்த டிராக்குக்குப் போனாலும் அதிலிருந்துதான் ஆரம்பம். ஆனால் இப்போது களத்தில் இறங்கினால் இடது பின்சக்கரம் மண்ணைப் பிடிப்பதே இல்லை. வளைவில் வால் சுழன்று, வண்டி வந்த வழியைப் பார்த்து நிற்கிறது. ஷாக், ஸ்பிரிங், டயர் எல்லாம் மாற்றியும் ஒன்றும் வேலைக்காகவில்லை.

வாராவாரம் போட்டிக்காரன் டிலார்டுதான் ஜெயிக்கிறான். இந்தச் சனிக்கிழமையும் கோட்டைவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாக ராய்ஸ் லோரீனிடம் சத்தியம் செய்திருந்தான். சனிக்கிழமையும் விடிந்துவிட்டது. வாங்கப்போகிற டிலார்டு நேற்றே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பார்க்காத குறைதான்.

"போன வாரம் அவன் வண்டிகிட்ட நீ குனிஞ்சு நின்னதை என் கண்ணால பார்த்தேன்" என்றான் ராய்ஸ்.

"கெஞ்சப் போனேன் மாப்ள. உன் வண்டி மட்டும் எப்படி மண்ணைப் பிடிக்குதுன்னு வெக்கத்தை விட்டுக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சக்கரத்து மேல துணியப் போட்டு மூடிட்டான்."

"நல்லாக் கதை விடுற."

எம்மெட் ஸ்பேனரைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, டிரக்கில் ஏறிப் போய்விட்டான்.

சாண்ட்விச் சுட்டு எடுத்துக்கொண்டு லோரீன் வந்தபோது ராய்ஸ் தனியாக நின்றான். நடந்ததைக் கேட்டாள். எங்கண்ணன் இல்லாமல் நீ ஜெயிச்சாலும் அந்தக் கோப்பை என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ராய்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டியும் போச்சு, மச்சானும் போச்சு. எல்லாம் இந்த ராசி கெட்ட ஷெட்டால் வந்தது என்று தோன்றியது. பழைய ஷெட்டின் சிமெண்டுத் தரை மட்டும் வெளியே ஓரங்களில் களை மண்டிக் கிடந்தது. கடைசியாக ஒரு தடவை அந்த ராசியான இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார ஆசை.

வண்டியை அங்கே உருட்டி வழக்கமான இடத்தில் நிறுத்தி, ஜாக்கி போட்டு நாலு பலகைகளையும் வைத்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே லோரீனும் கூடமாட ஒத்தாசை செய்தாள். அவன் சீட்டில் உட்கார, அவள் எண்களைப் படித்தாள். இடது பின்சக்கரத்தில் எடை ஏகத்துக்கும் குறைந்திருந்தது.

புது ஷெட்டில் நம்பர் வைத்த பிறகு யாரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லையே! ராய்ஸ் கதவில்லாத வண்டியின் ஜன்னல் வழியே இறங்கி, பலகையை மாற்றிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் அப்படியேதான் காட்டியது. குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த புஷ் கீழே விழுந்தது. அது உருண்டு உருண்டு இடது பின்மூலைக்குப் போய்க் களைக்குள் மறைந்தது.

அவன் அந்த மூலையையே பார்த்தான்; பழைய ஷெட்டில் எது விழுந்தாலும் அங்கேதான் உருண்டு போகும். பிறகு போனை எடுத்தான்.

"திட்டுறதுக்கு இன்னும் மிச்சம் இருக்கா?" என்றான் எம்மெட்.

"பழைய தரை இடது பின்மூலையில இறங்கிக் கிடக்கு மச்சான். அங்க நிக்கிற சக்கரத்துக்குப் பலகை எடையைக் கம்மியாக் காட்டுது. அதைச் சரிக்கட்டத்தான் நீ அந்தச் சக்கரத்துல எடையை ஏத்திக்கிட்டே இருந்திருக்க. மண்ணைப் பிடிச்சது அந்தக் கூடுதல் எடைதான். புதுத் தரை மட்டம், அதுல அதே நம்பரை வெச்சதும் அந்த எடை போயிடுச்சு."

எதிர்ப்பக்கம் டிரக் எஞ்சின் அணைவது கேட்டது.

"அப்போ நம்ம நம்பரு?" என்றான் எம்மெட்.

ராய்ஸ் களைக்குள்ளிருந்து புஷ்ஷை எடுத்தான்.

"அதை நீ கொடுத்திருந்தா, டிலார்டும் தோத்திருப்பான் மச்சான்."